பின்சக்கரச் சேறு

அமலி எழுந்த பிறகுதான் கறை தெரிந்தது. வெள்ளை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சேறு.

அவள் இன்னொரு சேலை எடுக்க எழுந்திருந்தாள். சேலை பார்க்க எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் மகளின் தோளைத் தொட்டு விரிப்பைக் காட்டினாள். பக்கத்து வரிசையில் விற்றுக்கொண்டிருந்த பிரகதாம்பாள் அக்கா உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, காலி அட்டைப்பெட்டி ஒன்றை அந்த இடத்தின் மேல் வைத்தாள். பிறகு வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கும்பகோணத்தில் அந்தக் கடையில் பட்டு விற்பது உட்கார்ந்துதான். மாடித் தரை முழுக்க மெத்தை. மெத்தையின் மேல் வெள்ளை விரிப்பு. வாங்குபவர்கள் ஒரு பக்கம், விற்பவர்கள் ஒரு பக்கம். நடுவில் பட்டைப் பிரித்துப் போடுவார்கள். விரிப்பு வெள்ளையாக இருந்தால்தான் பட்டின் நிறம் சரியாகத் தெரியும் என்பது கடையின் நம்பிக்கை. காலையில் புதிது விரிப்பார்கள். கடை அடைக்கும்வரை மாற்ற மாட்டார்கள்.

மாடிப் பொறுப்பு பஞ்சநதம் சாருக்கு. கூட்டம் குறைந்ததும் அவர் வந்து அட்டைப்பெட்டியைக் காலால் நகர்த்தினார்.

"என்னம்மா இது?"

"சேறு சார்."

"சேறுன்னு தெரியுது. எங்கேருந்து வந்துச்சு?"

"சைக்கிள்லேருந்து சார்."

"சைக்கிள மாடிக்கே ஏத்திட்டு வந்தியா?"

பிரகதாம்பாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அமலிக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"ஒரு தடவ பரவாயில்ல," என்றார் பஞ்சநதம் சார். "எனக்கும் மேல ஆள் இருக்கு. பாத்துக்க."

தீபாவளிக்காக எடுத்த பெண்கள் நான்கு பேர். தீபாவளி முடிந்ததும் ஒருத்தியை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அமலியைப் பற்றி பஞ்சநதம் சார் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார். "நீ சலிச்சுக்காம பிரிச்சுக் காட்டுற. அது எல்லாருக்கும் வராது." அமலி அதை யாரிடமும் சொல்லவில்லை. ரெமிஜியஸிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் தினமும் அதை நினைத்தாள். இந்த வேலை நிலைக்க வேண்டும். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

கடையில் சேலை மாற்ற இடம் கிடையாது. பின்கட்டில் ஒரு கக்கூஸ். அதன் தரை எப்போதும் ஈரம். கடை கொடுத்த சந்தன நிறச் சேலையை வீட்டிலேயே கட்டிக்கொண்டு, ஆற்றங்கரை வழியாகச் சைக்கிளில்தான் வர வேண்டும். கடை திறக்கும் நேரத்துக்கு டவுன்பஸ் இல்லை.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியிருந்தது.

*

ரெமிஜியஸ் வாசலிலேயே நின்றிருந்தான்.

"முதுகக் காட்டு," என்றான்.

அவள் திரும்பி நின்றாள். இடுப்பிலிருந்து தோள் வரை ஒரு கோடு. நடுவில் அடர்த்தி, ஓரங்களில் பொட்டுப் பொட்டாக. அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். காய்ந்த களிமண் உதிர்ந்தது.

"மட்கார்டு பத்தல," என்றான்.

அவன் மஸ்கட்டில் வேலை பார்த்தவன். பெரிய கட்டடங்களில் குளிர்காற்று போகும் தகரக் குழாய்களை வெட்டி வளைக்கும் வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள். ஈஸ்டர் கழிந்த வாரம் ஊருக்கு வந்தான். லீவில் வந்திருப்பதாகச் சொன்னான். தெருவும் அப்படியே கேட்டுக்கொண்டது. லீவு மழைக்காலம் வரைக்கும் நீண்டது. யாராவது "எப்ப கிளம்புற?" என்று கேட்டால், "விசா வந்துரும்" என்பான். அவன் கொண்டுவந்த பெட்டி சுவரோரம் இருந்தது. அதைச் சுற்றிய கயிறு அவிழ்க்கப்படவில்லை.

சைக்கிள் ரோஸ் நிற லேடீஸ் வண்டி. அதற்கு முந்தைய லீவில் அவன் வாங்கிக் கொடுத்தது. முன்னால் கூடை. பின்னால் சின்ன கேரியர். மட்கார்டு அழகுக்காக வைத்தது போலக் குட்டையாக இருந்தது. அதன் நுனியில் ஒரு ரப்பர் பிளாப் தொங்கியது. பிளாப்பில் வேளாங்கண்ணி மாதா. நீலப் பின்னணி, மஞ்சள் சேலை, கையில் குழந்தை.

அந்த லீவு முடிந்து மஸ்கட் கிளம்பும்போது அவன் அதை வேளாங்கண்ணியில் வாங்கி, சாமியாரிடம் மந்திரித்து, தானே மாட்டினான். "நான் வர்ற வரைக்கும் மாதா உன் பின்னாலேயே வருவா," என்றான். "கழட்டிராத. வேண்டியிருக்கேன்."

அவள் கழற்றவில்லை. அவன் இல்லாத நாட்களில் அவள் கோவிலுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டுமே சைக்கிளில் போனாள். மழை பெய்தால் நடந்து போனாள். மட்கார்டு குட்டை என்று அப்போது தெரியவில்லை.

*

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் மீரா உசேனின் சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடை, பாலத்து முனையில். ஒரு கம்பியில் மட்கார்டுகள் வரிசையாகத் தொங்கின. ரெமிஜியஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தான்.

"இது இரும்பு," என்றார் மீரா உசேன், ஒரு கறுப்பு மட்கார்டைக் காட்டி. "பால்காரங்க போடுறது. அகலம். கீழ வரைக்கும் வரும். ஒரு சொட்டு மேல ஏறாது."

"இந்த வண்டிக்கு இதப் போட்டா எப்புடி இருக்கும் பாய்?"

"எருமைக்குக் கொம்பு வெச்ச மாதிரி இருக்கும்."

"எருமைக்குக் கொம்பு இருக்கத்தானே செய்யும்?"

"அதான் சொல்றேன். இருக்க வேண்டியது இருந்துட்டுப் போவட்டும்."

அமலி சிரித்தாள். ரெமிஜியஸ் சிரிக்கவில்லை. அவன் ஒரு பிளாஸ்டிக் மட்கார்டை எடுத்தான். கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவியது. ஓரத்தில் வெள்ளிக் கோடு.

"இந்த மாதிரிதான் அங்க எல்லாரும் போட்டிருப்பாங்க."

"அங்க மழை பெய்யுமா தம்பி?"

"எப்பவாவது."

மீரா உசேன் அதைக் கையில் வாங்கினார். மட்கார்டைச் சக்கரத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பழையதைவிட நீளம். நுனி சக்கரத்தின் பாதிக்கும் கீழே இறங்கியது.

ரெமிஜியஸ் பெடலைக் கையால் சுற்றி மேலே கொண்டுவந்து நிறுத்தினான். அமலியின் கால் ஏறக்கூடிய உயரம் அது. அங்கிருந்து பின்பக்கம் கையை நீட்டி, மட்கார்டில் ஓர் இடத்தைத் தொட்டான்.

"இங்க வெட்டிருங்க பாய்."

"ஏன்?"

"மாதா இதுல மாட்டணும். இவ கால் போற இடத்துக்குக் கீழ மாதா தொங்கக் கூடாது."

மீரா உசேன் ரம்பத்தைக் கையில் எடுத்தார். வெட்டவில்லை.

"நீளமே போயிருதே தம்பி."

"மாதா பாத்துக்குவா."

மீரா உசேன் அமலியைப் பார்த்தார். அவள் பாலத்தைப் பார்த்தாள். ஒரு டவுன்பஸ் சேற்றை இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போனது.

மாதாவை வீட்டில் இயேசு சுரூபத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்ல வாய் எடுத்தாள். நான் வர்ற வரைக்கும் என்று அவன் சொன்னது நினைவு வந்தது. கழற்றலாம் என்று சொன்னால் நீ வந்துவிட்டாய் என்று சொல்வதாகிவிடும். விசா வராது என்று சொல்வதாகிவிடும். அவள் வண்டியின் கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாதா விஷயத்துல நான் வாயே திறக்க மாட்டேன்," என்றார் மீரா உசேன். "எங்க அம்மாவே வருசா வருசம் வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு வருது." அவர் வெட்டினார். வெட்டிய துண்டு தரையில் விழுந்தது. ஒரு சாண் நீளத்துக்கு அதிகமாகவே இருந்தது. மாதா பழைய உயரத்திலேயே தொங்கினாள்.

*

பிளாஸ்டிக் மட்கார்டு அழகாக இருந்தது. டயரின் அகலம்தான் அதற்கும். முதுகின் நடுக்கோடு கொஞ்சம் மெலிந்தது. ஓரங்களில் தெறித்தது. வெட்டிய நுனிக்குக் கீழிருந்து கிளம்பிய சேறு முன்போலவே முதுகுக்கு வந்தது.

அமலி அன்று உட்காரவில்லை. நின்றபடியே பட்டை எடுத்துக் கொடுத்தாள். குனிந்து பிரித்தாள். குனிந்து மடித்தாள்.

பஞ்சநதம் சார் வந்தார். "ஏம்மா நிக்கிற?"

"கால் வலிக்குது சார்."

"கால் வலிச்சா உக்காருவாங்க."

அவர் அவளைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பிரகதாம்பாள் அக்கா அவளை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப்போய், ஈரத்துணியால் சேலையைத் தட்டித் தட்டித் துடைத்தாள். "பாலித்தீன் சீட்டு ஒண்ண இடுப்புல கட்டிக்கிட்டு வாயேன்டி. கடை வாசல்ல அவுத்துரு."

மறுநாள் அமலி அதையும் செய்தாள். பாலத்தின் மேல் காற்றில் பாலித்தீன் சீட்டு எழுந்து அவள் தலைக்கு மேல் கொடி மாதிரி பறந்தது. எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னலோரத்து ஆட்கள் கைதட்டினார்கள். அவள் அதை அவிழ்த்து ஆற்றில் போட்டாள்.

அன்று மாலை ரெமிஜியஸ் அவள் முதுகைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்குள் போனான். பெட்டியின் கயிற்றை ஒரு பக்கம் மட்டும் தளர்த்தி, மூடியைக் கொஞ்சம் தூக்கி, உள்ளே கைவிட்டுத் தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தான். கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினான்.

"இத நானே செய்யறேன்," என்றான்.

வாசலில் உட்கார்ந்து வேலை செய்தான். பக்கத்துத் தெருவில் கிடந்த தகரத்தைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். கோடு போட்டான். வெட்டினான். முழங்காலில் வைத்து ஓரங்களை மடித்தான். அமலி உலை வைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்று பார்த்தாள். அவன் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தான். மஸ்கட்டில் அவன் இப்படித்தான் வேலை செய்திருப்பான் என்று நினைத்தாள். அவள் அதைப் பார்த்ததில்லை. ஈஸ்டருக்குப் பிறகு அவன் முகம் அப்படி இருந்து அன்றுதான் பார்த்தாள்.

"டயரவிட ரெண்டு பக்கமும் அகலம்," என்றான். "சைடுல வழியே இல்ல."

"ம்."

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குங்க."

நுனியை அதே உயரத்தில் வெட்டினான். மாதாவை மாட்டினான். அவள் காலின் உயரத்தை இந்த முறை பெடலைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. கை தெரிந்து வைத்திருந்தது.

தகர மட்கார்டு சத்தம் போட்டது. தெருமுனையில் குழி வந்தால் மாதாகோவில் வரை கேட்டது. எதிர்வீட்டு ராஜாத்தி வாசல் பெருக்கிக்கொண்டே சொன்னாள். "மஸ்கட் வண்டி கிளம்பிருச்சு. அமலி, உன் சத்தத்த வெச்சுத்தான் எங்க வீட்டுல அடுப்பு பத்த வைக்கிறோம்."

"வெச்சுக்கங்கக்கா. காசா பணமா."

சத்தம் போனால் போகிறது. மழை சிறியதாக இருந்த நாட்களில் முதுகில் சேறு குறைந்தது. சில பொட்டுகள்தான். உட்கார்ந்து விற்றாள். எழுந்ததும் விரிப்பைப் பார்த்தாள். பிரகதாம்பாள் அக்காவும் பார்த்தாள். பஞ்சநதம் சாரும் தூரத்திலிருந்து பார்த்தார். மூன்று பேரும் பார்த்ததை மூன்று பேரும் தெரிந்துகொண்டார்கள்.

*

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் இரவெல்லாம் பெய்தது. காலையில் ஆற்றங்கரைப் பாதை வயல் மாதிரி கிடந்தது. நாற்று நட இறங்கிய பெண்கள் கரையில் ஏறி நடந்த தடங்களில் தண்ணீர் நின்றது.

மதகு தாண்டியதும் சைக்கிள் கனத்தது. பெடல் நகரவில்லை. அமலி இறங்கிப் பார்த்தாள். களிமண் டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. தகரம் டயரை ஒட்டி இருந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற மண் ஏறி, மாவு பிசைந்து திணித்தது போல இறுகிவிட்டது.

ஒரு குச்சியை ஒடித்து நோண்டினாள். கொஞ்சம் வந்தது. பத்தடி போனதும் மறுபடி நின்றது. மறுபடி நோண்டினாள். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தள்ளினாள். தார்ச்சாலை வந்ததும் ஏறி மிதித்தாள். நேரமாகிவிட்டது. வேகமாக மிதித்தாள். தேங்கிய தண்ணீருக்குள்ளேயே மிதித்தாள்.

கடை வாசல் குழாயில் கையையும் காலையும் கழுவினாள். முதுகை யாரிடமாவது காட்டித் துடைக்கச் சொல்ல நேரமில்லை. மாடியில் கூட்டம். பஞ்சநதம் சார் கையைக் காட்டி அவளை ஒரு குடும்பத்துக்கு எதிரே உட்காரச் சொன்னார். முகூர்த்தப் பட்டு பார்க்க வந்தவர்கள். பெண்ணின் அம்மா, அத்தை, பெண்.

அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சலிக்கவில்லை. பெண்ணுக்குப் பிடித்தது அரக்குக் கரை போட்ட வெண்பட்டு. அம்மா தலையை ஆட்டினாள். முந்தானையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அமலி முந்தானையை நன்றாக விரிக்கச் சற்று எழுந்து நகர்ந்தாள். பட்டு அவள் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் விழுந்தது.

எடுத்தபோது வெண்பட்டில் கடுகளவு ஒரு மண்.

அவள் நகத்தால் எடுக்கப் பார்த்தாள். அது பரவியது.

பெண்ணின் அம்மா பார்த்தாள். கோபப்படவில்லை. "மொத மொத கையில எடுத்த பட்டும்மா," என்று மட்டும் சொன்னாள். பெண்ணைக் கைபிடித்து எழுப்பினாள். மூன்று பேரும் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். பஞ்சநதம் சார் படி வரைக்கும் பின்னால் போனார். வேறு நிறம் காட்டுவதாகச் சொன்னார். அவர்கள் திரும்பவில்லை.

கடை அடைக்கும்போது அவர் அமலியிடம் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"நாளைக்கு சீசன் கடைசி நாள். சாயங்காலம் முதலாளிகிட்ட ஒரு பேரு சொல்லணும். உன் பேரத்தான் மனசுல வெச்சிருக்கேன்."

"சார்."

"விரிப்பு வெள்ளையா இருக்கணும்மா. இல்லேன்னா நாளைக்கே நீ போயிடலாம். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

*

"முதுகக் காட்டு," என்றான் ரெமிஜியஸ்.

"வேணாங்க இன்னிக்கு."

அவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றினாள். துவைத்துக் கொடியில் போட்டாள். சோறு வைத்தாள். சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னாள். மண் அடைத்தது, வெண்பட்டு, பெண்ணின் அம்மா சொன்னது, பஞ்சநதம் சார் சொன்னது. மனசில் வைத்திருக்கும் பெயர் பற்றியும் இப்போதுதான் சொன்னாள்.

ரெமிஜியஸ் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான்.

"நான் கேப் விடாம செஞ்சுட்டேன்," என்றான். "தகரத்தத் தூக்கி மாட்டுனா மண் அடைக்காது. இப்பவே தூக்கிர்றேன்."

"மண் அடைச்சது மட்டும் இல்லைங்க."

"வேற?"

அவள் தட்டைப் பார்த்தாள்.

"நீளம்," என்றாள்.

வெளியே தூறல் ஓட்டில் விழுந்தது. சைக்கிள் வாசலில், கூரைக்குக் கீழே பின்பக்கம் காட்டி நின்றது. உள்ளிருந்து போன வெளிச்சத்தில் மாதா தெரிந்தாள். பாதத்தில் சேறு காய்ந்திருந்தது. அத்தனை உயரத்தில் மாட்டியும் படிந்திருந்தது.

"தீபாவளி கழிச்சு ஏஜென்ட் போன் பண்றேன்னு சொல்லியிருக்காரு," என்றான்.

"சரிங்க."

"கத்தார்ல வேலை இருக்காம்."

"சரிங்க."

அவன் கை கழுவ எழுந்தான். அவள் தட்டுகளை எடுத்தாள். சண்டை போடலாம் என்று இருந்தது. அவன் வாசலில் நின்று கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். செம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் நின்றான்.

*

காலையில் சைக்கிள் இல்லை. ரெமிஜியஸும் இல்லை.

அமலி சேலை கட்டிக்கொண்டு குடையை எடுத்தாள். பாலத்து முனை வரை நடந்தாள். மீரா உசேன் கடையில் ஒரு பலகைதான் திறந்திருந்தது. சைக்கிள் தலைகீழாக நின்றது. தகர மட்கார்டு ஓரமாகக் கிடந்தது. ரெமிஜியஸ் தரையில் குந்தியிருந்தான். மீரா உசேன் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதும் உட்காரும் ஸ்டூலின் மேல் ஒரு துண்டு. துண்டில் சுற்றி மாதா.

அவள் குடையை மடக்காமல் வெளியே நின்றாள். அவர்கள் கவனிக்கவில்லை.

"பால்காரன் வண்டி மாதிரிதான் இருக்கும்," என்றார் மீரா உசேன்.

"இருக்கட்டும் பாய்."

ரெமிஜியஸ் கறுப்பு இரும்பு மட்கார்டைச் சக்கரத்தில் பொருத்தினான். டயருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தான். ஒரு பக்கம் ஒட்டியது. தாங்குகம்பியைக் குறட்டில் பிடித்து வளைத்தான். மறுபடி விரலை விட்டான். சக்கரத்தைச் சுற்றிவிட்டான். சத்தம் இல்லை.

மீரா உசேன் ஸ்டூலைப் பார்த்தார்.

"மாதாவக் கழட்டிட்டீங்களே தம்பி. வேண்டுதல்னு சொன்னீங்க."

"நான் வர்ற வரைக்கும்னுதான் பாய் வேண்டுனேன்."

அவன் நட்டை வைத்து விரலால் திருகினான். பிறகு ஸ்பேனரால் இறுக்கினான்.

"வந்துட்டேன்ல," என்றான்.

மீரா உசேன் தலையை ஆட்டினார். கடையின் மூலைக்குப் போனார். பழைய லாரி ட்யூப் ஒன்றை இழுத்துவந்து விரித்தார்.

"அப்ப பிளாப்ப நீளமா வெட்டவா?"

"தரையத் தொடட்டும்."

"தொடக் கூடாது. கல்லுல மாட்டி இழுக்கும். நாலு விரல் விட்ருவோம்."

"நாலு விரல்," என்றான் ரெமிஜியஸ்.

அவன் நிமிர்ந்தபோது அவளைப் பார்த்தான். முகம் முழுக்க கிரீஸ். அவள் குடையை மடக்கினாள்.

"ஆச்சு," என்றான். "அஞ்சு நிமிசம்."

அவள் ஸ்டூலிலிருந்து துண்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வண்டி தயாரானதும் துண்டை அவனிடம் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

*

மழை நிற்கவில்லை. மதகுப் பக்கம் களிமண் டயரில் ஏறியது. ஏறியது கீழே வழிந்தது. சக்கரம் நிற்கவில்லை. பின்னால் பிளாப் தண்ணீரை அறைந்துகொண்டே வந்தது. அது மட்டும்தான் சத்தம்.

கடை வாசலில் பிரகதாம்பாள் அக்கா நின்றிருந்தாள். அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகைப் பார்த்தாள். "அடிப்பாவி," என்றாள். "பறந்து வந்தியா?"

அன்று கூட்டம் படி வரைக்கும் நின்றது. அமலி உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் விரிப்பைப் பார்ப்பதை மறந்துவிட்டாள்.

கூட்டம் ஓய்ந்ததும் பஞ்சநதம் சார் வந்தார். நான்கு பெண்களும் எழுந்து நின்றார்கள். அவர் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அமலியின் இடத்தில் விரிப்பு கசங்கியிருந்தது. ஒரு குண்டூசி கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"எங்கம்மா இன்னிக்கு சேறு?"

"சைக்கிள்லயே இருக்கு சார்."

அவர் குனிந்து குண்டூசியை எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். மற்ற மூவரிடமும் தனித்தனியாகப் பேசினார். அடுத்த வருஷம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். கடைசியாக அமலியிடம் வந்தார்.

"தீபாவளி கழிச்சு புதன்கிழமை வந்துரும்மா."

மற்ற மூவரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அமலி அவர்களோடு சேர்ந்து தேடினாள். தன் செருப்பு கண்முன்னே இருந்தது. எடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

*

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. பெட்டி சுவரோரம் இல்லை. பரணில் இருந்தது. கயிறு சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது.

"முதுகக் காட்டு," என்றான் ரெமிஜியஸ்.

அவள் திரும்பி நின்றாள். எதிரே சுவர். சுவரில் சுரூபத்துக்குப் பக்கத்தில் மாதா. அவன் கழுவியிருந்தான். நீலம் புதிது போல இருந்தது. பாதத்தில் மட்டும் பழுப்பு கொஞ்சம் மிச்சம்.

அவன் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அவள் முகத்தை அவன் பார்க்க முடியாது. அவன் முகத்தை அவளும்.

"புதன்கிழமை வரச் சொல்லிட்டாங்க," என்றாள்.

விளக்கு மெல்லக் கீழே இறங்கியது. அவள் முழங்காலுக்குப் பின்னால் அவன் குந்துவது தெரிந்தது. கீழ்மடிப்பைப் பிடித்து விரலால் தேய்த்தான்.

"என்னங்க?"

"ஒரு சொட்டு."

"இருக்கட்டும். துவைக்கத்தானே போறேன்."

"ஒரு விரல் பத்தல," என்றான் அவன். இன்னும் குந்தியபடியே இருந்தான். "பிளாப்ப இன்னும் ஒரு விரல் இறக்கணும். நாளைக்கு இறக்கிர்றேன்."